ஆர்ட்ஸ் குரூப் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், பதினொன்றில் என்ன எடுப்பது. டெல்லியில் ஒரு பள்ளியில் 27 வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுத்தவள் என்பதால், இந்த முறை ஆர்ட்ஸ் பாடங்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை.

கேள்வி: என் மகள் பத்தாவதில் 94 சதவீதம், கணக்கில் 96. பதினொன்றில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஊரிலிருந்து என் நாத்தனார் போன் போட்டு, "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஆர்ட்ஸ் குரூப்பா, அது மார்க் வராத பிள்ளைங்க எடுக்கறதாச்சே" என்கிறார். என் கணவர் ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, ஆர்.கே.புரம்

பதில்: உங்கள் நாத்தனார் மேல் கோபப்படாதீர்கள், அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். மார்க் வராத பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் என்று ஆர்ட்ஸை ஆக்கி வைத்தது பள்ளிக்கூடங்கள்தான், அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் வந்ததும் அங்கே ஆபீஸ் ரூமில் ஒரு பட்டியல் தயாராகும், இத்தனைக்கு மேல் சயின்ஸ், அதற்குக் கீழே காமர்ஸ், மிச்சமெல்லாம் ஆர்ட்ஸ். ஒரு வருடம் முதல் நாள் வகுப்பில் "விரும்பி இங்கே வந்தவர்கள் யார் யார்" என்று கேட்டேன். நாற்பது பேரில் நாலு கை எழுந்தது. மற்றவர்கள் ஏதோ தண்டனைக்கு வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தலை நிமிர தீபாவளி வரைக்கும் ஆகும், சில பிள்ளைகளுக்கு இரண்டு வருடமும் நிமிராது. நிர்வாகத்திடம் இதை இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். சயின்ஸுக்குத்தான் டிமாண்ட், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று பதில் வந்தது, பட்டியல் அப்படியேதான் இருந்தது.

அதனால் உங்கள் மகள் மாதிரி ஒரு பிள்ளை, 94 வாங்கிய பிறகும் எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லி வந்து உட்காரும்போது ஒரு ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்பதை என்னால் சொல்லி முடியாது. மார்க்கைக் கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி நினைத்து, இவ்வளவு இருக்கிறதே, விலை கூடினதாகத்தானே வாங்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். அவள் எதைப் படிக்கும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். முதல் விஷயம், கணக்கை விடச் சொல்லாதீர்கள். சிபிஎஸ்இ விதிகளில் சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் என்று மூன்று பெட்டிகள் கட்டாயமாக இல்லை. ஆசிரியர்களின் எண்ணிக்கைக்கும் டைம்டேபிளுக்கும் தக்க மாதிரி பள்ளிகள் போட்டுக்கொண்ட பிரிவு அது. வரலாறு, அரசியல் அறிவியலோடு பொருளாதாரமும் கணக்கும் எடுக்கலாமா என்று பள்ளியில் நேராகக் கேளுங்கள். முழுக் கணக்கு கனமாகத் தெரிந்தால் 2020-21 முதல் அப்ளைடு மேத்ஸ் என்று ஒரு பாடமும் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஹானர்ஸ் சேர கணக்கு இல்லாமல் முடியாது, இது தெரியாமல் பதினொன்றில் கணக்கைக் கைகழுவிவிட்டு இரண்டு வருடம் கழித்து என் முன்னால் அழுத பிள்ளைகள் உண்டு. டெல்லி பல்கலையில் இடம் பிடிக்க 2022 முதல் சியுஇடி நுழைவுத் தேர்வு வந்துவிட்டது, அதனால் பன்னிரண்டின் மார்க்கோடு அந்தத் தேர்வுக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும்.

வேலை பற்றி மனதில் இருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. முடித்த கையோடு இன்ஜினியரிங் பிள்ளைக்குக் கிடைக்கும் மாதிரி கேம்பஸ் வேலை எல்லாருக்கும் கிடைக்காது. பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்று படிக்க வேண்டியிருக்கும், எம்.ஏ.வோ, சட்டமோ, பி.எட்.டோ, இதழியலோ, நூலகவியலோ. ஆக ஐந்து, ஆறு வருடக் கணக்கு. அந்தக் காலத்துக்குப் பண உதவி செய்ய முடியுமா என்பதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், பேசாமல் விட்டால் பிறகு அது அவள் தலையில் குற்றச்சாட்டாக வந்து விழும். சிவில் சர்வீஸ் ஆசை இருந்தால், மெயின்ஸ் எழுத்துத் தேர்வில் கணக்கில் சேரும் 1750 மதிப்பெண்ணில் கட்டுரைக்கு மட்டும் 250, பொதுப் பாடம் நாலு தாள், முதல் தாளே வரலாறும் சமூகமும் புவியியலும்தான். அதற்காக ஐஏஎஸ் ஒன்றையே மனதில் வைத்து ஆர்ட்ஸ் எடுக்க வேண்டாம், எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில், தேறுகிறவர்கள் சுமார் ஆயிரம் பேர். பாடம் பிடித்திருக்கிறது என்பதுதான் அந்த ஐந்தாறு வருடத்தைத் தாங்கும் காரணம்.

உங்கள் கணவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து நீங்களாக ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளையே அவரோடு ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைக் கடையில் வாங்கி, அதில் தனக்குப் பிடித்த பத்துப் பக்கத்தை அவள் அவருக்குச் சொல்லிக் காட்டட்டும். என் அனுபவத்தில் அப்பாக்களை மாற்றியது நாங்கள் போய்ப் பேசிய பேச்சு இல்லை, பிள்ளை ஒரு விஷயத்தைச் சொல்லும்போது அதன் முகத்தில் தெரிகிற வெளிச்சம்தான்.

கேள்வி: பத்தாவது வரை சோஷியல் சயின்ஸில் தேதியும் பெயரும் மனப்பாடம் பண்ணியதுதான் மிச்சம், எழுதி முடித்ததும் மறந்துவிட்டது. இப்போது சயின்ஸ் எடுத்துவிட்டேன். எல்லாம் கூகுளில் கிடைக்கிறபோது இதை எதற்குக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், மயூர் விஹார்

பதில்: தம்பி, உனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததற்காக முதலில் எங்கள் தரப்பிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தேதிக்கு ஒரு மார்க், பெயருக்கு ஒரு மார்க் என்று கேள்வித்தாள் போட்டவர்கள் நாங்கள்தானே.

நீ டெல்லியில் இருக்கிறாய், அது பெரிய வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் குதுப் மினாருக்குப் போ. மினாரை எல்லாரும் பார்ப்பார்கள், நீ அந்த வளாகத்துக்குள் நிற்கும் இரும்புத் தூணுக்கு முன்னால் நில். சுமார் ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, ஏறக்குறைய 1600 வருடமாக மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து உதிரவில்லை. இதற்குக் காரணம் தேடியவர்களில் ஐஐடி கான்பூரில் இருந்த உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் முக்கியமானவர். அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்ததால் மேலே மெல்லிசாக ஒரு பாதுகாப்புப் படலம் உண்டாகி, அதுதான் உள்ளே துரு போகவிடாமல் தடுக்கிறது என்று விளக்கினார். இது உன் பாடம், கெமிஸ்ட்ரி.

இப்போது தூணின் மேல் பார். கம்பி வேலிக்கு வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், ஆனாலும் எழுத்து தெரியும். பிராமி எழுத்தில் ஆறு வரி சமஸ்கிருதம். 'சந்திரன்' என்று ஒரு ராஜாவின் பெயர் இருக்கிறது, அவன் எந்த வம்சம், எந்த வருடம் என்று அதில் இல்லை. பாஸ்பரஸ் இதற்குப் பதில் சொல்லாது. எழுத்தின் வடிவத்தை, வருடம் தெரிந்த மற்ற கல்வெட்டுகளின் எழுத்தோடு ஒப்பிட வேண்டும், குப்தர் காலத்துத் தங்கக் காசுகளில் இருக்கும் பெயரோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் அது இரண்டாம் சந்திரகுப்தனாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்னொன்று, இந்தத் தூணை விஷ்ணுபதம் என்ற குன்றின் மேல் நிறுத்தியதாக அதே கல்வெட்டு சொல்கிறது. அப்படியானால் தூண் முதலில் இருந்த இடம் குதுப் மினார் இருக்கும் இந்த மெஹ்ரோலி இல்லை, யாரோ எங்கிருந்தோ கொண்டு வந்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்குப் பக்கத்தில் இருக்கும் உதயகிரி என்று சிலர் சொல்கிறார்கள், அப்படிச் சொன்னவர்களில் நான் மேலே சொன்ன அந்த உலோகவியல்காரரும் ஒருவர். இரும்பில் ஆரம்பித்தவர் கல்வெட்டுக்கும் காசுக்கும் போய்ச் சேர்ந்தார் பார், கேள்வி அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனது.

அப்புறம் ஒரு வரி. இந்த ராஜாவின் வீரத்தின் காற்றுப் பட்டு தென்கடல் இன்னும் மணக்கிறது என்று அதில் வருகிறது. அவன் தெற்கே வந்து ஜெயித்தான் என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? உன் தாத்தா பாட்டியோடு தஞ்சாவூர் போனால் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியைக் கல்லில் பார்க்கலாம், 'திருமகள் போல' என்று ஆரம்பித்து அவன் பிடித்த நாடெல்லாம் வரிசையாக வரும். ராஜாவைப் புகழ எழுதியதில் எது நடந்தது, எது அலங்காரம், வேறு எந்தச் சாட்சியோடு ஒத்துப் போகிறது, யார் எழுதச் சொன்னது, யார் படிப்பதற்காக என்று பிரித்துப் பார்க்கிற வேலைதான் வரலாறு. இதை உனக்கு யாரும் பத்தாவது வரை செய்யக் கொடுத்திருக்க மாட்டார்கள். கூகுள் உனக்கு 'சந்திரகுப்தன் II' என்று ஒரு விடை கொடுக்கும், அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது உனக்குத் தெரிந்தால்தான், நாளைக்கு வாட்ஸ்ஆப்பில் உன் பெரியப்பா அனுப்புகிற செய்தியை நம்பலாமா வேண்டாமா என்று உனக்கு நீயே முடிவு பண்ண முடியும்.

சயின்ஸை விட வேண்டாம், நன்றாகப் படி. இங்கிலீஷ் பாடத்தையும், தமிழ் எடுத்திருந்தால் அதையும், மார்க்குக்கான சுமையாக நினைத்துத் தள்ளிவிடாதே.

கேள்வி: சைக்காலஜியா, சோஷியாலஜியா? ஒன்றுதான் எடுக்க முடியும் என்கிறார்கள்.
– மாணவி, முனிர்கா

பதில்: ஒரு மனுஷி ஏன் இப்படி நடந்துகொள்கிறாள் என்று யோசிப்பது உனக்குப் பழக்கம் என்றால் சைக்காலஜி. ஒரு தெருவில் எல்லாரும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள், கல்யாணம், சாதி, வேலை எல்லாம் எப்படி ஓடுகிறது என்று யோசிப்பாய் என்றால் சோஷியாலஜி. கவுன்சலிங் செய்யும் ஆசை இருந்தால் முதலாவதுதான், ஆனால் அதற்கு எம்.ஏ. வரையாவது போக வேண்டும் என்று இப்போதே தெரிந்துகொள். இரண்டுக்கும் உங்கள் பள்ளியில் எந்த ஆசிரியர் எடுக்கிறார் என்று பழைய மாணவிகளிடம் கேட்டுப் பார், பதினொன்றாம் வகுப்பில் அது பாதி விஷயம்.

கேள்வி: அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்சி மாறும்போதெல்லாம் வரலாற்றுப் புத்தகம் மாறுகிறது. முகலாயர் அத்தியாயத்தை எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ எடுத்தார்கள். இப்படி மாறுகிற ஒன்றைப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்? நிரந்தரமான கணக்கும் விஞ்ஞானமும் போதாதா?
– வாசகர், ஜனக்புரி

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கொரோனாவுக்குப் பிறகு சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022-ல், பாடப்புத்தகம் போடும் என்சிஇஆர்டி பல பகுதிகளை எடுப்பதாக அறிவித்தது, 2023-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் இல்லை. எனக்கு அதில் சம்மதம் இல்லை, அதை இங்கே வெளிப்படையாகவே சொல்கிறேன். செங்கோட்டையையும் ஹுமாயூன் கல்லறையையும் பஸ்ஸில் தாண்டிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதைக் கட்டியவர்களின் அரசவை எப்படி நடந்தது என்று சொல்லாமல் விடுவது சுமையைக் குறைப்பது ஆகாது.

ஆனால் நீங்கள் போகிற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. புத்தகத்தை மாற்ற இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள் என்றால் அதில் இருப்பது அவ்வளவு முக்கியம் என்றுதானே அர்த்தம். எந்த அரசாங்கம் எழுதின புத்தகத்தையும் கேள்வி கேட்டுப் படிக்கப் பழகின பிள்ளைக்கு, ஒரு அத்தியாயம் போனாலும் அது போனது தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்தில் உத்தரமேரூரில், முதல் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன, குடவோலை முறையில் ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதி அவற்றில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும், மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். என்சிஇஆர்டியின் பழைய ஏழாம் வகுப்புப் புத்தகத்திலும் இதிலிருந்து ஒரு பகுதி இருந்தது. நான் பதினொன்றாம் வகுப்பில் அந்த விதிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதன்படி இந்த வகுப்பில் யார் யார் நிற்கலாம் என்று கேட்பேன். வயது 35-லிருந்து 70-க்குள், வரி கட்டுகிற சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் பிள்ளைகள் கை தட்டுவார்கள், இப்போதும் இதைக் கொண்டு வரலாமே என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒரு பெண் கை தூக்கி, "மேடம், அப்போ எங்க அம்மா நிக்க முடியாதா" என்று கேட்பாள். இன்னொரு பையன், நிலம் இல்லாதவன், "எங்க தாத்தா?" என்பான். உத்தரமேரூர் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேய ஊர் என்பதையும், அந்தச் சபையில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் அதற்கப்புறம்தான் நான் சொல்வேன். ஒரே கல்லில் பெருமையும் இருக்கிறது, வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் பக்கத்துக்காரரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

உங்களுக்கு நேரம் இருக்கும், பேரப்பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காட்டுங்கள். பாடப்புத்தகம் விட்டதைத் தாத்தாக்கள் சொல்லலாம்.

கேள்வி: என் மகன் பி.டெக். இரண்டாம் வருடம். நடுவில் தத்துவம், இலக்கியம், சமூகவியல் என்று பேப்பர் எடுக்கச் சொல்கிறார்களாம், நேரம் வீண் என்று புலம்புகிறான். லட்சக்கணக்கில் பீஸ் கட்டுகிறோம், எனக்கும் அப்படித்தான் படுகிறது.
– ஒரு அப்பா, துவாரகா

பதில்: இது இன்று நேற்று வந்தது இல்லை. சுதந்திரம் வந்த அடுத்த வருடமே டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைத்தார்கள், 1949-ல் அறிக்கை கொடுத்தது, எந்தத் துறை மாணவனும் பொதுக் கல்வி பெற வேண்டும், விஞ்ஞானம் படிக்கிறவன் மற்ற பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார்கள். ஐஐடிகளில் கலை, சமூக அறிவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது, டெல்லி ஐஐடியிலும் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஐஐடி உள்பட இன்ஜினியரிங் நிறுவனங்களிலும் கலைப் பாடங்கள் கூடுதலாக வர வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையில் எனக்கு ஒத்துவராதது சில உண்டு, இதில் எனக்கு மறுப்பு இல்லை. சொன்னது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை, ஏனென்றால் பல கல்லூரிகளில் இந்தப் பேப்பரை யாருக்கோ கூடுதல் வேலையாகத் தலையில் கட்டி, இருநூறு பேரை ஒரு ஹாலில் உட்காரவைத்து ஸ்லைடு ஓட்டி முடிக்கிறார்கள். உங்கள் மகன் புலம்புவது அப்படிப்பட்ட வகுப்பைப் பார்த்து என்றால் அவன் பேரில் தப்பு இல்லை.

டாக்டர்கள் இதை நம்மை விட முன்னால் புரிந்துகொண்டார்கள். 2019-ல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களில் இருந்து, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, எது நியாயம் என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால், இதே டெல்லியில், தில்ஷாத் கார்டன் ஜிடிபி மருத்துவமனையோடு சேர்ந்த யுசிஎம்எஸ் கல்லூரியில் ஆசிரியர்கள் சேர்ந்து மருத்துவத்துக்குள் கலைப் பாடங்களைக் கொண்டுவர ஒரு குழுவை ஆரம்பித்து, மாணவர்களை நாடகம் போடவும் எழுதவும் வைத்தார்கள்.

இது எதற்கு என்று எனக்கு ஒரு நாள் நேரில் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பாட்டி "நெஞ்சைக் கரிக்குது" என்றார். பேரன் அவசரத்தில் ஹிந்தியில் நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டான். அந்தச் சின்ன டாக்டர் உடனே எழுத ஆரம்பிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க சொன்ன வார்த்தை என்ன, அதைச் சொல்லுங்க" என்றார். கரிப்பது என்றால் எரிச்சலா, வலியா, சாப்பிட்ட பிறகா, படுத்தாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஈசிஜியும் எடுத்தார், கடைசியில் புளியேப்பம்தான். ஒருவர் வாயில் இருந்து வரும் சொல்லை அப்படியே கேட்டு, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவது இலக்கிய வகுப்பில் ஒரு செய்யுளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்கிற அதே வேலை.

உங்கள் மகன் நாளைக்கு ஒரு ஆப் எழுதுவான், கடன் யாருக்குக் கொடுக்கலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று முடிவு சொல்கிற மென்பொருளில் வேலை பார்ப்பான். அது யாரை வெளியே தள்ளுகிறது என்று அவன்தான் கேட்க வேண்டும், வேறு யாருக்கும் உள்ளே பார்க்க முடியாது. இந்த செமஸ்டரில் நல்ல ஆசிரியர் எடுக்கும் பேப்பர் எது என்று சீனியர்களிடம் விசாரித்து, அதை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது ஆர்ட்ஸ் முடித்தேன், 71 சதவீதம். எங்கள் பள்ளியில் ஆர்ட்ஸ் மட்டும்தான் இருந்தது. எனக்கு ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கள் முதல் வெள்ளி வரை. சியுஇடி எழுதவில்லை. மேலே படிக்க முடியுமா? சும்மா பி.ஏ. படித்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
– ஒரு பெண், திரிலோக்புரி

பதில்: முடியும் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டெல்லி பல்கலைக்கழகத்தில் என்சிவெப் என்று ஒரு அமைப்பு 1940-களிலிருந்து இருக்கிறது, கல்லூரிக்குத் தினமும் போக முடியாத பெண்களுக்கென்றே ஆரம்பித்தது. டெல்லியில் வசிக்கிற பெண்கள் மட்டும் சேரலாம், வகுப்பு வார இறுதியில், டெல்லி பல்கலையின் கல்லூரிகளிலேயே நடக்கும், பட்டமும் டெல்லி பல்கலைக்கழகப் பட்டம்தான். பி.ஏ.வும் பி.காமும் உண்டு. பன்னிரண்டாவது மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, சியுஇடி தேவையில்லை. கட்-ஆஃப் பட்டியல் ஒன்றன் பின் ஒன்றாக வரும், முதல் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடாதே. டெல்லி முகவரிக்கான சான்று, பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, எல்லாவற்றையும் இப்போதே எடுத்து ஒரு கவரில் வை, சான்றிதழ் டெல்லியில் வாங்கியதா, ஊரில் வாங்கியதா என்பதும் விஷயம் ஆகும், அதை விசாரித்துக்கொள். அதில் இடம் கிடைக்கவில்லை என்றால் 1962-லிருந்து நடக்கிற ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங் என்ற தொலைநிலைக் கல்வி இருக்கிறது, அதுவும் டெல்லி பல்கலைதான்.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வரி, "எங்கள் பள்ளியில் ஆர்ட்ஸ் மட்டும்தான் இருந்தது". மேலே ஆர்.கே.புரத்துப் பெண்ணுக்கு ஆர்ட்ஸ் வேண்டும், வீட்டில் தயங்குகிறார்கள். உனக்கு சயின்ஸ் வேண்டுமா என்று கேட்க ஆளே இல்லை. டெல்லியில் அரசுப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றில் சயின்ஸ் பிரிவு கிடையாது, லேப் கட்ட வேண்டும், ஆசிரியர் போட வேண்டும், ஆர்ட்ஸுக்கு நாற்காலியும் கரும்பலகையும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆர்ட்ஸுக்கும் நூலகம் வேண்டும், ஊர் சுற்றிக் காட்ட வேண்டும், எழுதினதைத் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் செய்த அநியாயம் இது, பிள்ளைகளுக்கும் செய்தார்கள், பாடத்துக்கும் செய்தார்கள்.

சும்மா பி.ஏ. என்று ஒன்று கிடையாது அம்மா. பட்டம் இருந்தால் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி பட்டதாரி நிலைத் தேர்வு எழுதலாம், பி.எட். படித்து ஆசிரியர் ஆகலாம், மூன்று வருட எல்எல்.பி. படிக்கலாம். உனக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை இருக்கிறது, தமிழ் எழுதவும் வருகிறது என்பது இந்தக் கடிதத்திலேயே தெரிகிறது. தமிழை விட்டுவிடாதே. டெல்லி பல்கலையிலும் ஜேஎன்யுவிலும் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்கள், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுக்குத் தமிழ் ஆசிரியர் எப்போதும் வேண்டும். யுபிஎஸ்சி நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இதெல்லாம் பிறகு. இந்த வாரம் செய்ய வேண்டியது என்சிவெப் இணையதளத்தைத் திறந்து சேர்க்கைத் தேதியைப் பார்ப்பது. கடையில் சேரும்போதே சனி, ஞாயிறு வர முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிடு, வேலையில் சேர்ந்த பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் எங்காவது சிக்கினால் பத்திரிகை முகவரிக்கே இன்னொரு கடிதம் போடு, பாடங்களை எப்படிச் சேர்த்து எடுப்பது என்று நானே பதில் எழுதுகிறேன், அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.